ஜப்பானியக் கண்ணாடி மிதவைகள்: உலையிலிருந்து கரை வரை

கண்ணாடி மிதவை என்பது மீன்வலையும் தூண்டில் கயிறும் கடலில் மூழ்கிவிடாமல் தாங்குவதற்காக, கண்ணாடியை ஊதிச் செய்யப்பட்ட உருண்டை. உள்ளே காற்று அடைபட்டிருக்கும். ஜப்பானியர் இதை 'உக்கிதமா' என்பர். மிதக்கும் உருண்டை என்று பொருள். 'பின்தமா' என்றும் ஒரு பெயர் உண்டு. 'பின்' என்றால் புட்டி. பழைய புட்டிகளை உருக்கிச் செய்த பொருள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஜப்பானிய மீன்பிடிப் படகுகள் இவற்றைப் பயன்படுத்தின. வலையிலிருந்து அறுந்தவை வட பசிபிக் பெருங்கடலைக் கடந்து அலாஸ்கா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்கள், ஹவாய், மிட்வே, வேக் தீவுகள் ஆகிய இடங்களில் கரை ஒதுங்கின. அவற்றைத் தேடிக் கடற்கரையில் நடப்பது அங்கெல்லாம் இன்றும் தொடரும் பழக்கம். கண்டெடுத்தவர்கள் அதைக் 'கடல் தந்த பரிசு' என்று பேசுவதுண்டு. ஆனால் கடல் எதையும் தரவில்லை. ஒருவரிடமிருந்து பறித்ததைத்தான் இன்னொருவர் கரையில் போட்டது. உருண்டையை ஊதியவரும் வலையில் கட்டியவரும் இழந்தவரும் பெருங்கடலின் மறுகரையில் இருந்தார்கள். இதன் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

நார்வேயில் தொடக்கம்

கண்ணாடி மிதவை ஜப்பானில் பிறந்ததன்று. நார்வே நாட்டின் பெர்கன் நகர வணிகர் கிறிஸ்டோஃபர் ஃபாயே இதை உருவாக்கியதாகக் கூறப்படுகிறது. ஹாதெலாந்து கண்ணாடித் தொழிற்சாலையின் 1842ஆம் ஆண்டுப் பதிவேட்டில் முட்டையளவு மிதவைகள் இடம்பெற்றுள்ளன. அடுத்த சில ஆண்டுகளில் லோஃபோட்டன் தீவுகளின் காட் மீன்பிடிப்பில் செவுள் வலைகளைத் தாங்க இவை பயன்பட்டன. மரக்கட்டை நாளடைவில் நீரூறி அமிழும். தக்கை எல்லா இடத்திலும் மலிவாகக் கிடைக்காது. கண்ணாடி உடையலாம், ஆனால் உளுத்துப்போவதில்லை, நீர் உறிஞ்சுவதில்லை. இந்த எளிய கணக்குதான் அதை ஐரோப்பா முழுவதும் பரப்பியது.

ஜப்பானில் 1910ஆம் ஆண்டு வாக்கில் இது வழக்கத்துக்கு வந்தது. ஹொக்கைடோ தீவின் ஒட்டாரு துறைமுகம் அதில் முக்கியமான இடம். அந்நகரின் அசஹாரா கண்ணாடிப் பட்டறை 1901இல் மண்ணெண்ணெய் விளக்குகள் செய்யத் தொடங்கி, 1910இல் மிதவைகளுக்கும் வந்தது. வீடுகளுக்கு மின்சாரம் வரவர விளக்குக் கண்ணாடிக்குத் தேவை குறைந்தது; ஊதத் தெரிந்த கைகளுக்கு வலை வேலை கொடுத்தது. அப்போது ஹொக்கைடோவின் மேற்குக் கரை ஹெர்ரிங் மீனை நம்பியிருந்தது. 1897இல் அங்கு பிடிபட்ட ஹெர்ரிங் ஏறத்தாழ 9,70,000 டன். அதில் பெரும்பங்கு உணவாகவில்லை. கொதிக்கவைத்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சிய சக்கை, நெல்லுக்கும் பருத்திக்கும் அவுரிக்கும் உரமாக நாட்டின் தென்பகுதிகளுக்குப் போனது.

புட்டி உருண்டையான விதம்

மிதவைக்கு நல்ல கண்ணாடி வேண்டியதில்லை. பழைய சாக்கே மதுப் புட்டிகளையும் உடைசல்களையும் உலையில் போட்டு உருக்கினார்கள். பெரும்பாலான மிதவைகள் பச்சை, நீலப்பச்சை நிறங்களில் இருப்பதற்கு இதுவே காரணம். அவசரமாக உருக்கியதால் காற்றுக் குமிழிகள் கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிட்டன. நிறக்கோடுகளும் சில சமயம் உருகாத துணுக்குகளும் காணப்படும். இன்று சேகரிப்போர் உருப்பெருக்கி வைத்து ரசிக்கும் இந்த அடையாளங்கள், பட்டறைக்காரருக்கு மலிவு மூலப்பொருளின் குறைகளாகவே இருந்திருக்கும்.

தொழிலாளி ஊதுகுழலின் முனையில் உருகிய கண்ணாடியை அள்ளி, சுழற்றிச் சுழற்றி ஊதுவார். வேண்டிய அளவு வந்ததும் குழலிலிருந்து பிரிப்பார். அங்கே ஏற்பட்ட துளையின் மேல் உருகிய கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து அடைக்கப்படும். பொத்தான் போலத் தெரியும் இந்த முத்திரைதான் மிதவையின் அடையாளம். அது இளகிய நிலையில் இருக்கும்போதே சிலர் தங்கள் பட்டறைக் குறியை அழுத்திப் பதித்தார்கள்: ஒரு ஜப்பானிய எழுத்து, அல்லது வட்டத்துக்குள் ஒரு வடிவம். பிறகு உருண்டை, மெல்ல ஆறுவதற்காகத் தனி உலைக்குள் போகும். சட்டென்று ஆறினால் விரிசல் விடும். தேவை பெருகியபோது அச்சுக்குள் ஊதும் முறை வந்தது. அவற்றின் மேல் அச்சு பொருந்திய கோடு மெல்லிய வரம்பாகத் தெரியும்.

அளவு வேலையைப் பொறுத்தது. ஏறத்தாழ 5 செ.மீ. விட்டத்திலிருந்து 50 செ.மீ. வரை உருண்டைகள் உண்டு. 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை 14 லிட்டருக்குச் சற்று அதிகமான நீரை விலக்கும். அந்த நீரின் எடையிலிருந்து கண்ணாடியின் எடையைக் கழித்தால் வருவது அது தாங்கக்கூடிய பாரம். உருண்டையைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வலைப்பை பின்னுவார்கள். ஒன்றோடொன்று மோதி உடையாமல் காப்பதும் பிணைக்க இடம் தருவதும் அதன் வேலை. சப்பாத்திக் கட்டை போன்ற நீள்வடிவ மிதவைகளும் இருந்தன. அவற்றின் இரு முனையிலும் பள்ளம் இருப்பதால் கயிற்றை நேராகவே கட்டலாம்.

வலை அறுந்த கடல்கள்

மிதவை தானாகக் கரைக்கு வருவதில்லை. புயலில் கயிறு அறுந்திருக்க வேண்டும், அல்லது வலையே போயிருக்க வேண்டும். ஆகவே எந்தெந்தக் கடலில் எந்தெந்த மீன்பிடிப்பு நடந்தது என்பதே அதன் பயணத்தின் முதல் பகுதி.

ஹெர்ரிங் வலைகள் கரையை ஒட்டிய ஜப்பான் கடலில் கட்டப்பட்டவை. அங்கே அறுந்த உருண்டையும் பசிபிக்கை அடைய வழியுண்டு. சுஷிமா வெப்ப நீரோட்டத்தின் ஒரு கிளை சுகாரு நீரிணை வழியாகப் பசிபிக்குக்குள் பாய்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு நடந்தது தொலைகடல் மீன்பிடிப்பில். 1920களில் நண்டுத் தொழிற்சாலைக் கப்பல்கள் ஒஹோத்ஸ்க் கடலுக்கும் கம்சாத்கா கரைக்கும் போயின. நண்டைப் பிடித்து, கப்பலிலேயே வேகவைத்து, டப்பாவில் அடைத்துத் திரும்பும் கப்பல்கள் அவை. அவற்றில் கூலிகள் பட்ட பாட்டைக் 'கனிகோசென்' என்ற நாவலாக 1929இல் வெளியிட்ட கொபயாஷி தக்கிஜி, ஒட்டாருவில் வளர்ந்து அங்கே ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். 1933இல் காவல்துறையின் சித்திரவதையில் இறந்தார். மிதவை ஊதப்பட்ட அதே ஊரிலிருந்து, மிதவை கட்டிய மனிதர்களைப் பற்றிய நாவலும் வந்தது தற்செயலன்று. ஒட்டாரு அந்த வடகடல் வணிகத்தில் வாழ்ந்த ஊர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியப் படகுகள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஆக்கிரமிப்புப் படையின் தலைமை தீர்மானித்தது. 'மெக்கார்தர் கோடு' எனப்பட்ட அந்த எல்லை 1952 ஏப்ரலில் நீங்கியது. அதே ஆண்டு தாய்க்கப்பலோடு செல்லும் சால்மன் மீன்பிடிப் படகுகள் மீண்டும் வட பசிபிக்குக்குப் போயின. பல கிலோமீட்டர் நீள மிதவலைகளை மாலையில் விட்டு விடியலில் இழுப்பது அவற்றின் முறை. இன்னொரு பக்கம் சூரை மீனுக்கான ஆயிரங்கால் தூண்டில் படகுகள் வெப்பக் கடலெங்கும் பரவின. ஒரு முதன்மைக் கயிறு, அதிலிருந்து தொங்கும் நூற்றுக்கணக்கான தூண்டில்கள், அதைத் தாங்கும் பெரிய கண்ணாடி உருண்டைகள். கரை ஒதுங்கியவற்றில் மிகப் பெரியவை பெரும்பாலும் இந்தத் தூண்டில்களைச் சேர்ந்தவையே.

தூண்டில் கயிற்றை இழப்பது அந்த மனிதர்களுக்கு எப்படிப்பட்ட காரியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிக்கினி பவளத்தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அப்போது 'தாய்கோ ஃபுக்குரியு மாரு' என்ற சூரைப் படகு 23 பேருடன் அப்பகுதிக் கடலில் இருந்தது. மேற்கே வானம் ஒளிர்ந்ததைக் கண்டபின்பும் அவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு ஓடவில்லை. கதிரியக்கமேறிய பவளச் சாம்பல் வெள்ளைத் தூளாக மேலே விழ விழ, பல மணி நேரம் கயிற்றை இழுத்து ஏற்றினார்கள். அனைவரும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளானார்கள். வானொலி இயக்குநர் குபொயாமா ஐகிச்சி அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று இறந்தார். சாம்பல் எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கயிறு எவ்வளவு விலை பெறும் என்பது தெரியும். கரையில் கிடக்கும் ஒரு பெரிய உருண்டையைப் பார்க்கும்போது இதையும் நினைக்கலாம்.

சுற்றிவரும் நீர்

தைவானின் கிழக்கே வலுப்பெறும் குரோஷியோ நீரோட்டம் ஜப்பான் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த ஒயாஷியோவைச் சந்தித்தபின் கிழக்கே திரும்பி, வட பசிபிக் நீரோட்டமாக அமெரிக்காவை நோக்கிப் போகிறது. அங்கே ஒரு பகுதி அலாஸ்கா வளைகுடாவுக்கும், மற்றொன்று கலிஃபோர்னியா நீரோட்டமாகத் தெற்கேயும் பிரிகிறது. தெற்கே போனது வட நடுக்கோட்டு நீரோட்டத்தில் கலந்து மீண்டும் ஆசியாவுக்குத் திரும்புகிறது. இந்தப் பெருஞ்சுழலை ஒருமுறை சுற்றிவர ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும் என்று கடலியலாளர் கர்டிஸ் எப்ஸ்மேயர் கணித்தார். ஒரு கண்ணாடி உருண்டை எத்தனை சுற்று சுற்றியது என்று உருண்டையைப் பார்த்துச் சொல்ல இயலாது.

கண்ணாடிக்கு முன்பே இந்த வழியில் மனிதர்கள் வந்திருக்கிறார்கள். 1832இல் 14 பேருடன் புறப்பட்ட 'ஹோஜுன்மாரு' என்ற அரிசிப் படகு புயலில் சுக்கானை இழந்தது. ஏறத்தாழ 14 மாதங்கள் மிதந்து, 1834இல் இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் ஃபிளாட்டரி முனை அருகே கரை தட்டியது. உயிரோடு இருந்தவர் மூவர். அவர்களில் இளையவரான ஒட்டோகிச்சி, நாடு திரும்ப முயன்றும் அன்றைய ஜப்பான் கதவு திறக்காததால் ஷாங்காயிலும் பின்பு சிங்கப்பூரிலும் வாழ்ந்தார். 1867இல் சிங்கப்பூரில் இறந்தார். அறிவியல் இந்தப் பாதையை அளந்தது வெகுகாலம் கழித்துத்தான். 1992 ஜனவரியில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து பசிபிக் நடுவே விழுந்த 28,800 குளியல் பொம்மைகள் அதற்கு உதவின. அவற்றில் முதலாவதாக வந்தவை சுமார் 10 மாதங்களில் அலாஸ்காவின் சிட்காவில் ஒதுங்கின. எப்ஸ்மேயரும் ஜேம்ஸ் இங்கிரகாமும் அந்தப் பயணத்தைக் கணினி மாதிரியோடு ஒப்பிட்டார்கள். விழுந்த நாளும் இடமும் தெரிந்த பொம்மைக்கு இருந்த வசதி, கண்ணாடி மிதவைக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

நீரோட்டம் மட்டும் போதாது. அது உருண்டையைக் கரைக்கு அருகே கொண்டுவரும், கரையேற்றுவது காற்று. உருண்டையின் மேற்பகுதி நீருக்கு வெளியே நிற்பதால் காற்று அதை எளிதில் தள்ளும். அதனால்தான் ஓரிகன், வாஷிங்டன் கரைகளில் குளிர்காலப் புயல்களும் மேற்குக் காற்றும் நாள்கணக்கில் நீடித்தபின் தேடல் சூடுபிடிக்கும். 'வெலெல்லா' என்ற சிறிய நீலநிறக் கடலுயிரி, உடலின் மேல் பாய்மரம் போன்ற தகட்டோடு காற்றில் மிதப்பது. அவை கூட்டமாகக் கரை ஒதுங்கினால் உருண்டைகளும் வரக்கூடும் என்று அனுபவசாலிகள் கணிப்பார்கள். இரண்டையும் தள்ளுவது ஒரே காற்று என்பதால் அந்தக் கணிப்பில் நியாயம் இருக்கிறது.

தேடியவர்கள்

போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மிதவைகள் ஏராளமாக வந்தன. அமெரிக்க மேற்குக் கரையில் வீட்டு முற்றத்திலும் உணவகக் கூரையிலும் அவை தொங்கின. அலூஷன் தீவுகள், மிட்வே போன்ற ஒதுக்குப்புறத் தளங்களில் பணியிலிருந்த படைவீரர்களும் பொறுக்கினார்கள். விமானப் பொறியாளரான ஏமஸ் உட் இதையே பொருளாகக் கொண்டு 'பீச்கோமிங் ஃபார் ஜப்பானீஸ் கிளாஸ் ஃபுளோட்ஸ்' என்ற நூலை 1967இல் வெளியிட்டார். ஒரு பொழுதுபோக்கு, பதிவும் வகைப்பாடும் கொண்ட துறையாக மாறியதில் அந்நூலுக்குப் பங்கு உண்டு.

வகைப்பாட்டில் நிறத்துக்கு முதலிடம். பச்சை மலிவு; அடர்நீலமும் மஞ்சள் பழுப்பும் அரிது. மாங்கனீசு சேர்ந்த நிறமற்ற கண்ணாடி நெடுநாள் வெயிலில் இளம் ஊதாவாக மாறும். பொன் சேர்த்துச் செய்யும் சிவப்புக்குத்தான் உச்ச மதிப்பு. இந்த வரிசையை வரலாற்று மதிப்பின் வரிசையாகக் கொள்ளக் கூடாது. கயிற்றுப் பின்னலும் பட்டறைக் குறியும் உள்ள சாதாரணப் பச்சை உருண்டை, குறியில்லாத சிவப்பைவிட அதிகம் பேசும். அழகுக்காகப் பழைய கயிற்றை அறுத்து எறிந்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் மெருகேற்றி வைத்தவர்கள் பலர். போனது திரும்பாது.

சில உருண்டைகளுக்குள் நீர் இருக்கும். ஆழத்துக்கு இழுக்கப்படும்போது ஏற்படும் அழுத்தத்தில், முத்திரையின் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாக நுழைந்த கடல்நீர் அது. உள்ளே போன வழியில் அது வெளியே வருவதில்லை. நெடுங்காலம் மிதந்தவற்றின் மேல் காம்புள்ள கொட்டலசுகள் ஒட்டியிருக்கும். மணலில் உரசியவற்றின் பளபளப்பு போய்ப் பால்போல மங்கியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பசிபிக்கில் கிடைப்பதெல்லாம் ஜப்பானுடையதன்று. ரஷ்ய, கொரிய மிதவைகளும் அதே நீரில் வந்தன. மேலும், அலங்காரக் கடைகளுக்காகவே செய்யப்பட்ட உருண்டைகள் இன்று நிறைய விற்பனையாகின்றன. உரசல் இல்லாத மேற்பரப்பும், உப்புக் காணாத புதுக்கயிறும், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சீரும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

பிளாஸ்டிக் வந்த பின்

வடஜப்பானின் அவோமோரியில் 1949இல் ஹொக்குயோ கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 'ஹொக்குயோ' என்றால் வடகடல்; மீன்பிடிப்பின் பெயரையே நிறுவனம் தாங்கியது. 1970களின் தொடக்கத்தில் அது மிதவை உற்பத்தியில் நாட்டின் முதல் வரிசையில் இருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் உருண்டை வந்துவிட்டது. அது உடையாது, இலேசானது, மலிவானது. இயந்திரத்தால் வலை இழுக்கும் படகில் கண்ணாடிக்கு இடமில்லை. 1977இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 200 கடல்மைல் மீன்பிடி எல்லையை நடைமுறைப்படுத்தியபோது வடகடல் மீன்பிடிப்பே சுருங்கியது. தொழிற்சாலை தன் ஊதுகுழல்களை வண்ணக் கிண்ணங்களுக்கும் பூச்சாடிகளுக்கும் திருப்பியது. 'சுகாரு பீதோரோ' என்ற பெயரில் அவை இன்று அவோமோரியின் கைவினைப் பொருள்களாக அறியப்படுகின்றன. ஒட்டாருவில் ஹெர்ரிங் ஏற்கனவே 1950களில் மறைந்திருந்தது. அங்கே பழைய ஹெர்ரிங் கிடங்குகள் கண்ணாடிக் கடைகளாகி, சுற்றுலாப் பயணிகளுக்குச் சிறு உக்கிதமாக்கள் விற்கின்றன.

கடலுக்கு இந்த மாற்றம் நல்லதாக அமையவில்லை. கண்ணாடி உடைந்தால் மணலோடு மணலாகும். பிளாஸ்டிக் மிதவை வெயிலில் பொடிந்தாலும் துகளாகத் தங்கும். அதனுடன் வந்த செயற்கை இழை வலை, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய மிதவலைகளை 1992 இறுதிக்குள் நிறுத்துமாறு ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1991 டிசம்பரில் கேட்டுக்கொண்டதற்கு அந்த வலைகளின் அழிவாற்றலே காரணம். இருப்பினும் பழைய பருத்தி, சணல் வலைகளின் காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவது தவறு. ஹெர்ரிங்கை வாரி அள்ளிய காலத்தில் வலைகளில் மிதந்தது கண்ணாடிதான்.

2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பின் மிதவைகளைத் தேடியவர்களின் கண்ணில் வேறு பொருள்கள் பட்டன. மிசாவா துறைமுகத்திலிருந்து பெயர்ந்த சுமார் 20 மீட்டர் நீள மிதக்கும் தோணித்துறை ஒன்று 2012 ஜூனில் ஓரிகனின் நியூபோர்ட் அருகே ஒதுங்கியது. ஷின்டோ கோயில் வாயில்களின் இரு மேல்விட்டங்கள் 2013இல் அதே மாநிலக் கரையில் கிடைத்தன. உரியவர்கள் யார் என்று விசாரித்து, அவை ஹச்சினோஹே நகருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. இழந்தவரைத் தேடும் அந்த வழக்கம் கண்ணாடி உருண்டைகளின் காலத்தில் இருந்ததில்லை.

பழைய மிதவைகள் இன்றும் எப்போதாவது வருகின்றன, ஆண்டுக்காண்டு குறைவாக. ஓரிகனின் லிங்கன் சிட்டி இந்தக் குறையைத் தன் வழியில் ஈடுசெய்தது. 2000ஆம் ஆண்டை வரவேற்கும் முயற்சியாக 1999இல் அந்நகரம், உள்ளூர்க் கலைஞர்கள் ஊதிய வண்ண உருண்டைகளைத் தன் சுமார் 7 மைல் கடற்கரையில் ஒளித்துவைக்கத் தொடங்கியது. கண்டெடுத்தவருக்கே அது சொந்தம். வரவேற்பைப் பார்த்து ஆண்டுதோறும் தொடர்கிறார்கள், இப்போது ஆண்டுக்கு 3,000க்கும் மேல். அலை ஏறும் கோட்டுக்கு மேலேதான் அவை வைக்கப்படுகின்றன. கடல் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா.